கண்டிக் காகிதமும் ரங்கூன் ரசீதும்

அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளுக்குக் கதவு எண் சொல்லிக் கேட்டால் ஆட்கள் விழிப்பார்கள். 'கண்டிக்காரர் வீடு', 'ரங்கூன்காரர் வீடு' என்றால் சின்னப் பையன்கூடக் கொண்டுபோய் விட்டுவிடுவான். இரண்டுக்கும் நடுவில் ஒரு தறிக்கூடம். அந்தக் காலத்து நாலு தறியில் இப்போது ஒன்றுதான் ஓடுகிறது. இரண்டு வீட்டிலும் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. போன மாசி மாதம் இரண்டையும் இறக்கிப் பார்க்க எனக்கு வாய்த்தது.

கண்டிக்காரர் வீட்டுப் பெட்டியில் பழுப்பேறிய ஒரு குடும்ப அட்டை. கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகம் கொடுத்தது. ஒரு புகைப்படத்துக்குள் முழுக் குடும்பமும் விறைத்து நிற்கிறது. கீழே பெயர், வயது, உறவு. அதோடு சேமலாப நிதிக் கணக்குத் தாள் ஒன்று. மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் செய்தித்தாள் ஒட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ரங்கூன்காரர் வீட்டுப் பெட்டியில் ஒரே ஒரு ரசீது. பர்மிய எழுத்து, ஜிலேபி பிழிந்தது மாதிரி வட்டம் வட்டமாக. வீட்டில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. கடையையும் சரக்கையும் சர்க்காரிடம் ஒப்படைத்ததற்கான பட்டியல் என்று பெரியவர் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாராம். "இதை எங்க கொண்டுபோய்க் காட்ட, அண்ணாச்சி?" என்றார் பேரன். அவருக்கே ஐம்பது வயது தாண்டிவிட்டது.

இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்துக் காகிதங்கள். இலங்கை, பர்மா என்ற அந்த இரண்டு நாடுகளையும் இந்தியாவையும் ஆண்டது ஒரே பிரிட்டிஷ் அரசு. மூன்றும் ஒரு வருஷத்துக்குள் அடுத்தடுத்து விடுதலை வாங்கியவை. அப்படியிருக்க, ஒரு காகிதத்தைக் காட்டிக் காசு வாங்க முடிந்தது, இன்னொன்றை யாரிடமும் காட்டவே முடியவில்லை. அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் போன கதை. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் வந்தால் கண்மாய் பெருகும், வராத வருஷம் கண்மாய்க்குள்ளேயே ஆடு மேயும். கரிசலில் பருத்தி, கம்பு, மல்லி. 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்துச் சனம் கடல் தாண்டுவதற்கு யாரும் பெரிதாக ஆசைகாட்ட வேண்டியிருக்கவில்லை. கிழக்கே நடந்தால் மண்டபம், தெற்கே போனால் தூத்துக்குடி.

ஆனால் இலங்கைக்குப் போனவர்களும் பர்மாவுக்குப் போனவர்களும் ஒரே மாதிரிப் போகவில்லை. இலங்கையில் முதலில் காப்பித் தோட்டம். அது பருவ வேலை. பறிப்பு முடிந்தால் ஆண்கள் திரும்பி நடந்து ஊர் வந்துவிடலாம். 1870களில் இலைநோய் காப்பியை அழித்தது, அந்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஓய்வு கிடையாது, வருஷம் முழுக்கக் கொழுந்து கிள்ள வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும், குடும்பம் வேண்டும், குடும்பம் தங்க லயம் வேண்டும். ஆள்சேர்க்கும் கங்காணி ஊர் ஊராக வந்து குடும்பத்தோடு கூட்டிப்போனார். ஆளுக்கு முன்பணம், அந்தக் கடன் ஆளின் தலையில். இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன், கட்டினால் அழைத்துப்போகலாம் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதித் தரும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. புறப்படும்போது எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று காட்ட எண் பொறித்த தகர வில்லையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். கண்டிச் சீமைக்குப் போன சனத்துக்கும் காகிதத்துக்கும் இருந்த உறவு, இப்படிக் கழுத்தில் தொங்கிய தகரத்தில் தொடங்கியது.

பர்மாவுக்குப் போனது வேறு விதம். ஐராவதி டெல்டாவில் காடு வெட்டி நெல் வைத்த காலம் அது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பணம் முன்னால் போனது. 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் கால்வாசி அளவு அவர்கள் கைக்கு வந்திருந்தது. பணத்தின் பின்னால் கணக்குப்பிள்ளை, சமையல்காரர், அரிசி ஆலைக்கும் துறைமுகத்துக்கும் கூலி, கடைவைக்கிறவர் என்று கூட்டம். பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போனவர்கள். செட்டியாருக்கு நிலம், நம் தெருக்காரருக்குச் சின்னச் சில்லறைக் கடை, துறைமுகக் கூலிக்குத் தோள் மட்டும். 1964இல் மூன்று பேரும் ஒரே கப்பலில் வந்தார்கள்.

இனி நாடுகளுக்கு நடுவே இருந்த உறவு. கொஞ்சம் முரண் இருக்கிறது இங்கே. பர்மாவோடு இந்தியாவுக்கு நல்ல நட்பு. நேருவும் பர்மியப் பிரதமர் ஊ நூவும் கூடப்பிறந்தவர்கள் மாதிரிப் பழகினார்கள். 1951 ஜூலை 7இல் இரு நாடுகளும் நட்புறவு ஒப்பந்தம் போட்டன. அமைதியும் நட்பும் என்றைக்கும் நிலைக்க வேண்டும் என்று அதில் எழுதிக்கொண்டார்கள். ஆனால் அங்கே வாழும் இந்தியரின் கடை, நிலம், சேமிப்பு நாளைக்கு என்ன ஆகும் என்பதற்கு அதில் ஒரு ஷரத்து கிடையாது. சொந்தக்காரனிடம் புரோநோட்டு எழுதி வாங்குவதைக் கௌரவக் குறைவாக நினைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. டெல்லியிலும் இருந்திருக்கிறது.

இலங்கையோடு ஆரம்பமே தகராறு. 1948ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம், அந்தத் தோட்டத்துச் சனமான மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருஷம் ஓட்டும் போயிற்று. 1947 தேர்தலில் ஏழு தொகுதிகளை இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றிருந்ததுதான் கொழும்பின் கண்ணை உறுத்தியது. நேரு விட்டுக்கொடுக்கவில்லை: அங்கே பிறந்து அங்கே உழைப்பவர்கள் அங்கத்து மக்கள் என்றார். 1954இல் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையோடு போட்ட ஒப்பந்தம் பாதியில் முறிந்தது. பதினாறு வருஷம் இரண்டு பக்கமும் கோப்பைத் தள்ளித் தள்ளி விட்டார்கள். தள்ளித் தள்ளியே எண்ணிக்கை, வகை, ஆதாரம், கெடு எல்லாம் கோப்பில் ஏறிவிட்டன.

1964 வந்தது. பர்மாவில் 1962 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்திருந்த நே வின், 1963இல் வங்கிகளைத் தேசியமயமாக்கினார். 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளின் முறை. காலையில் கடை திறக்கப் போனவர்கள் வாசலில் ராணுவத்தைப் பார்த்தார்கள். மே 17இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. கடை போய் இரண்டு மாதத்தில், கல்லாவிலும் தலையணையிலும் ஒளித்துவைத்திருந்ததும் போயிற்று. பெயருக்கு எல்லாருக்கும் பொதுவான சட்டம்தான்; பர்மியரும் சீனரும் கடை இழந்தார்கள். ஆனால் கடைத்தெருவில் பெரும்பங்கு இந்தியர் என்பதால் அடி அவர்கள் மேல் விழுந்தது. கப்பல் ஏறப்போன இடத்தில் சுங்கச் சோதனை. கம்மல், மூக்குத்தி வரைக்கும் கணக்குப் பார்த்ததை அந்த வீட்டுப் பெண்கள் இன்றும் சொல்கிறார்கள். வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் அந்த வருஷம் ரங்கூன் போனார். 1965 பிப்ரவரியில் நே வின் டெல்லி வந்தார். உபசாரத்துக்குக் குறைவில்லை. சில வருஷத்துக்குள் சுமார் மூன்று லட்சம் இந்தியர் பர்மாவை விட்டார்கள், அதில் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். சனம் கப்பலில் வந்துகொண்டிருந்தபோதே, 1967 மார்ச்சில், இரு அரசுகளும் ஒரு ஒப்பந்தத்தை முடித்தன. அது எல்லைக்கோட்டைப் பற்றியது. 1,600 கிலோமீட்டருக்கு மேல், மலைமுகடு மலைமுகடாகப் பேசி முடித்தார்கள். எல்லைக்கு முடிந்தது கடைக்கு முடியவில்லை.

அதே 1964 அக்டோபர் 30. டெல்லியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். மந்தையைப் பங்கு பிரிக்கிற கணக்கு மாதிரித்தான் இருக்கிறது, வேறு விதமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த 9,75,000 பேரில் ஒருவரையும் கேட்கவில்லை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டைமான் கடைசிவரை இதைக் குற்றமாகவே சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை.

இருந்தாலும் அந்தக் காகிதத்தின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். பதினைந்து வருஷத்தில் படிப்படியாக அனுப்புவது. அனுப்பப்படும் நாள் வரை, அல்லது 55 வயது வரை, வேலையில் இருப்பவரை நீக்கக் கூடாது. சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தன் சொத்தைக் கொண்டுபோகலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகும் சொத்தின் உச்ச வரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் இவை சின்னச் சின்ன வரிகள். கண்டிக்காரர் வீட்டுப் பெட்டியில் நான் பார்த்த தாள் இந்த வரியிலிருந்து வந்தது. திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒன்றரைக் குறுக்கம் கரிசலும் இந்தத் தெருவில் இந்த வீடும் அந்தத் தாளிலிருந்து வந்தவை.

வீட்டுக்காரம்மாவுக்கு எண்பதை நெருங்குகிறது. "எத்தனை வருஷம் காத்திருந்தீங்க, அப்பத்தா?" என்று கேட்டேன்.

"நம்பர் வரும் நம்பர் வரும்னு அஞ்சு வருஷம் லயத்துலயே கெடந்தோம் தம்பி. கொழுந்து எடுத்துக்கிட்டே காத்திருந்தோம். கடைசில கோச்சில ஏத்துனாக. எங்க அக்காவுக்குச் சிலோன் பிரஜை, எனக்கு இந்தியா. அவ பிளாட்பாரத்துல நின்னா."

மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு வந்த அந்த ரயிலை அங்கே 'அழுகைக் கோச்சி' என்றே சொன்னார்கள். ஒப்பந்தம் தலைகளை எண்ணியது, அக்கா தங்கையை எண்ணவில்லை. இன்னொன்று: கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆகுமுன், டிசம்பர் 22 இரவில் புயல் தனுஷ்கோடியைத் தின்றுவிட்டது. ஐம்பதாண்டுப் போக்குவரத்தின் துறையே காணாமற்போயிற்று. நடைமுறைச் சட்டம் கொழும்பில் 1967இல்தான் நிறைவேறியது. பிறகு ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலில் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பெட்டி படுக்கையோடு ரயில். விருதுநகர்–மானாமதுரைப் பாதை அப்போதுதான் புதிதாகப் போட்டிருந்தது. தாத்தா நடந்து போன வழியில் பேத்தி ரயிலில் திரும்பினாள்.

இந்த இடத்தில் எனக்கு வந்த எண்ணம் ஒன்று. நட்பாய் இருந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். சண்டை பிடித்த நாட்டிலிருந்து வந்தவர்கள் கணக்குத் தாளோடு வந்தார்கள். ஒரே சரித்திரம் உள்ள நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்று மேடையில் பேசும்போது கலாசாரம், புத்தர், ஒரே ஆட்சிக்கு எதிராய் நின்றது என்றெல்லாம் சொல்வோம். பர்மாவோடு அத்தனையும் இருந்தது. பட்ட பாட்டுக்கு உதவியது 4,000 ரூபாய் என்ற ஒரு வரி. அந்த வரி ரங்கூன் ஒப்பந்தம் எதிலும் இல்லை.

இதற்கு மறுப்புச் சொல்லலாம். பர்மாவில் ராணுவ ஆட்சி, யாரோடு பேசுவது? இலங்கையில் தேர்தல் அரசு, தோட்டங்களுக்குக் கூலி தேவை, அதனால் அவசரமில்லை. பதினைந்து வருஷம் கொடுத்தது கருணையால் அல்ல, ஒரே நாளில் கொழுந்தெடுக்க ஆளில்லாமல் போகும் என்ற பயத்தால். சரிதான். தேயிலையின் அந்த ஓயாத தேவைதான் மலையகச் சனத்துக்குப் பேரம் பேசும் கனத்தைக் கொடுத்தது. ரங்கூன் கடைக்காரர் இடத்தில் மறுநாளே அரசாங்கத்து 'மக்கள் கடை' வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் இந்த விளக்கம் 1951க்குப் பொருந்தாது. அப்போது ரங்கூனில் தேர்தல் அரசு, டெல்லியில் நண்பர், கையில் பேனா. எழுதியிருக்கலாம்.

வந்த பிறகு இரு கூட்டத்தாருக்கும் அரசு ஏட்டில் ஒரே பெயர்: தாயகம் திரும்பியோர். கடனுதவிக்காக 1969இல் ரெப்கோ வங்கி. சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார், ஊருக்கு ஊர் பர்மா காலனி. மலையகத்தாருக்காக நீலகிரியில் 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டம், பிற்பாடு அரசுத் தேயிலைக் கழகமான டான்டீ. கொழுந்து கிள்ளத் தெரிந்த பலருக்கு வியாபாரக் கடன் கொடுத்தார்கள். தராசு பிடிக்கத் தெரியாதவரிடம் கடை. இடைத்தரகர் தின்றது போக மிச்சம் வட்டியில் போயிற்று. ரங்கூன்காரரோ கடை வைக்கத் தெரிந்தவர், கையில் முதல் இல்லாதவர். இரண்டு வீட்டையும் மாற்றிப் போட்டிருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும் என்று தறிக்கூடத்துக்காரர் சொல்வார். பர்மா நினைப்பை விட முடியாமல் தரைவழியாய்த் திரும்பிப் போகப் பார்த்த சிலர், எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூர் மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் இருக்கிறது.

1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் மீதி 1,50,000 பேரைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். இந்தியாவின் பங்கு ஆறு லட்சமானது. ஆனால் இந்தியக் குடியுரிமை கேட்டு மனுப்போட்டவர்கள் 5,06,000 பேர்தான். ஆக, கேட்காமல் போட்ட கணக்கைச் சனமே மனு எழுதித் திருத்தியது. எஞ்சிய 94,000 பேரை 1986இல் இலங்கையே ஏற்கவேண்டி வந்தது. 2003இல் இன்னொரு சட்டம் வந்து, மலையகத்தில் நாடற்றவர் என்ற நிலையை முடித்தது. சில நாளுக்குள் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றார்கள். பர்மாவில் தங்கிவிட்ட நம்மவர்கள் வேறு திசையில் போனார்கள். 1982 சட்டம் முழுக் குடிமக்கள், துணைக் குடிமக்கள், பதிவுபெற்ற குடிமக்கள் என்று மூன்று படி வைத்தது. பேசி முடித்த இடத்தில் அரைகுறையாக முடிந்த வேலை, நாற்பது வருஷம் கழித்தாவது தன்னைத் தானே தொடர்ந்துகொண்டது. பேசாத இடத்தில் தொடர்வதற்கே எதுவும் இல்லை.

கேட்டுச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் இந்தியாவே சாட்சி. வங்கதேசத்தோடு 1974இல் போட்ட நில எல்லை ஒப்பந்தம் 2015 ஜூலை 31 நள்ளிரவில் நடப்புக்கு வந்தது. எதிர்நாட்டுக்குள் தீவு தீவாகக் கிடந்த 162 நிலத்துண்டுகள் கைமாறின. அங்கே இருந்த ஒவ்வொரு குடும்பத்தையும் போய் 'எந்த நாடு வேண்டும்?' என்று கேட்டார்கள். வங்கதேசப் பக்கத்தில் இருந்த முப்பத்தேழாயிரம் பேரில் இந்தியா வர விரும்பியவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. மீதிப் பேர் பிறந்த மண்ணிலேயே குடிமக்களானார்கள். 1964இல் அதே கேள்வியை ஹட்டனிலும் பதுளையிலும் கேட்டிருந்தால், பிளாட்பாரத்தில் அக்கா தனியாக நின்றிருக்கமாட்டாள்.

கடைசியாக ஒன்று. 1983க்குப் பிறகு கலவரத்துக்குப் பயந்து வந்தவர்களில், வடக்குத் தமிழரோடு மலையக வம்சாவளியினரும் உண்டு. அவர்கள் கடலைத் தாண்டியது ஒப்பந்தத்துக்கு வெளியே. அதனால் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்' இல்லை; அகதிகள். விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்ச்சந்தை உள்ளிட்ட முகாம்கள் இருக்கின்றன. திருச்சி மாவட்ட முகாம்களில் இருந்த அறுபத்தைந்து பேர், எங்கள் முன்னோர் இந்தியர், எங்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டார்கள். 2019 ஜூன் 17இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்றது.

இந்தப் பக்கத்து முகாம் ஒன்றில் ஒரு பெண்மணி தன் தகப்பனாரின் தோட்டத்துப் பதிவுத்தாளை எடுத்துக் காட்டினார். பாலித்தீன் பைக்குள் பாலித்தீன் பை. 'சொந்த ஊர்' என்ற இடத்தில் திருச்சுழியை ஒட்டிய ஒரு கிராமத்தின் பெயர், ஆங்கில எழுத்தில், தப்புத் தப்பாய். அங்கே போக முகாமிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகும். போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். போகத்தான் வேண்டும் என்றார். இந்த வாரம் ஆளெண்ணிக்கை இருக்கிறது, அது முடியட்டும் என்றார்.